மார்கழிப் பனியும் மூத்தோர் மூச்சும்

மார்கழி மாதம் விடியற்காலையில் ஓசோன் வாயு பூமிக்கு அருகே இறங்கி வருகிறது, அதைச் சுவாசிக்கத்தான் நம் முன்னோர்கள் அந்த நேரத்தில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடவும், வீதியில் பஜனை பாடிச் செல்லவும் சொல்லி வைத்தார்கள் என்று ஒரு பேச்சு நம்மிடையே வெகு காலமாக உலவுகிறது. கல்யாண வீடுகளில், கோயில் பிரகாரங்களில், ரெயில் பயணத்தில் என்று பல இடங்களில் இதைக் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள். உண்மை என்னவென்றால், நம்மைக் காக்கும் ஓசோன் படலம் தரையிலிருந்து 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அது எந்த மாதத்திலும் நம் தெருவுக்கு வருவதில்லை. தரைமட்டத்தில் உண்டாகும் ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல். அதுவும் வெயில் இருந்தால்தான் உண்டாகும்.

காவிரிக்கரைக் கிராமத்தில் மார்கழி விடியலில் நடந்து வந்தவருக்கு உடம்பு தெம்பாக இருந்தது என்றால் அதில் ஆச்சரியமில்லை. காற்று குளிர்ந்திருந்தது, வண்டி வாகனம் இல்லை, அவ்வளவுதான். அதே பழக்கத்தை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு தில்லிக்கு வந்து, இங்கேயும் நாலரை மணிக்குக் காபி குடித்துவிட்டு மப்ளரைச் சுற்றிக்கொண்டு நடக்கப் புறப்படுகிறார்களே நம் வீட்டுப் பெரியவர்கள், அவர்களை நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தில்லியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஒரு நாளின் 24 மணி நேரத்தில் மிகவும் கெட்ட காற்று இருக்கும் நேரங்களில் ஒன்று அந்த விடியற்காலை.

நான் மருத்துவன் அல்ல. சிவில் டிப்ளமா படித்து, 1983ல் ரெயில்வேயில் பாதைப் பிரிவில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, 2021ல் ஓய்வு பெற்றவன். ஆனால் முப்பத்தெட்டு வருஷம் வட இந்தியக் குளிர்காலத்தைத் தண்டவாளத்தின் மேல் நின்று பார்த்தவன் என்ற முறையில் காற்றைப் பற்றிச் சில விஷயங்கள் சொல்ல எனக்கு அருகதை உண்டென்று நினைக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த நாட்களில் தில்லி சராய் ரோஹில்லாப் பக்கம் மீட்டர் கேஜில் நீராவி இன்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மே மாதப் பகலில் இன்ஜின் கக்கும் புகை நேராக மேலே போய் மறைந்துவிடும். ஜனவரிக் காலையில் அதே புகை கொஞ்ச தூரம் ஏறும், பிறகு ஏதோ கண்ணுக்குத் தெரியாத கூரையில் முட்டிக்கொண்டதுபோல நின்று, பாய் விரித்தாற்போல் பக்கவாட்டில் பரவும். அப்போது என்னுடைய மேலதிகாரியாக இருந்த பெரியவர் ஒருவர் அதற்குக் காரணம் சொன்னார். சாதாரணமாகத் தரையருகே காற்று சூடாகவும் மேலே போகப் போகக் குளிர்ச்சியாகவும் இருக்கும். சூடான காற்று லேசானது, ஆகவே மேலே ஏறும், அழுக்கையும் தூக்கிக்கொண்டு போகும். குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிறது, அதற்கு மேலே இருப்பது சூடான காற்று. வரிசை தலைகீழாகிவிடுகிறது. இட்லிப் பானைக்கு மூடி போட்டதுபோல், கீழே உள்ளது கீழேயே கிடக்கும்.

கோடைப் பகலில் இந்த மூடி இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். குளிர்கால இரவிலோ சில சமயம் நூறு இருநூறு மீட்டருக்குள் வந்துவிடும். ஊரில் புகைவிடும் லாரி அதே லாரிதான், எரியும் குப்பை அதே குப்பைதான், ஆனால் அது கலந்து கரையக் கிடைக்கும் இடம் பத்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்று சுருங்கிவிடுகிறது. சென்னையில் பிற்பகலில் வீசும் கடற்காற்றுக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பது இங்கே வந்தால்தான் தெரியும். தில்லிக்குக் கடலும் இல்லை, வடக்கே இமயமலைச் சுவர். கங்கைச் சமவெளி முழுவதுமே ஒரு நீளமான தொட்டி. (அதற்காகச் சென்னை பரிசுத்தம் என்று எண்ண வேண்டாம். 2018ல் போகியன்று டயரும் பழந்துணியும் கொளுத்திய புகையில் சென்னை விமான நிலையமே தடுமாறியது நினைவிருக்கும்.)

பனிமூட்டத்துக்கும் எங்கள் பிரிவுக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. மூட்டம் அடர்ந்தால் டிரைவருக்கு சிக்னல் தெரியாது. அதற்காக எங்கள் கேங்கிலிருந்து ஆட்களை அனுப்புவோம். முதல் சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னால், பத்து மீட்டர் இடைவெளியில், தண்டவாளத்தின் மேல் இரண்டு டெட்டனேட்டர்களை அவர்கள் பொருத்துவார்கள். ஆட்கள் அதைப் 'பட்டாக்கா' என்பார்கள். இன்ஜின் சக்கரம் ஏறியதும் வெடிக்கும், சிக்னல் நெருங்குகிறது என்று டிரைவர் தெரிந்துகொள்வார். எப்போது ஆளை அனுப்புவது? அதற்கும் விதி இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து 180 மீட்டர் தூரத்தில் ஒரு அடையாளம் இருக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து பார்ப்பார். அது கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் மூட்டம், ஆட்களைக் கூப்பிடு என்று அர்த்தம். பிற்காலத்தில் இன்ஜினுக்குள்ளேயே வைக்கும் ஜி.பி.எஸ். கருவி வந்து டிரைவர்களுக்கு எவ்வளவோ உதவியாக இருக்கிறது. ஆனால் அந்த நாட்களில் இரவு முழுவதும் ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு, கிடைத்த குச்சியையும் ரப்பரையும் எரித்துக் கை காய்ந்துகொண்டு, ஐம்பத்தைந்து வயது மனிதர்கள் அந்தக் காற்றில் உட்கார்ந்திருப்பார்கள். காலையில் அவர்கள் காறித் துப்பும் சளி கறுப்பாக இருக்கும். "சர்தி ஹை சாப்" என்பார்கள், குளிர் என்று. நாங்களும் குளிர் என்றே எழுதிக்கொண்டோம்.

அந்த 180 மீட்டர் விதி எனக்கு ஒன்றைப் பழக்கிவிட்டிருந்தது, கண்ணுக்குத் தெரிவதை வைத்துக் காற்றை எடைபோடுவது. இன்றைக்கும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். வெள்ளையாக மூட்டம் போட்டால் கெட்ட நாள், வெயில் அடித்தால் நல்ல நாள். காற்றில் உள்ள ஆபத்தான தூசு கண்ணுக்குத் தெரியும் தூசு அல்ல. நம் தலைமுடியின் குறுக்களவு 50 முதல் 70 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பேசப்படும் பி.எம். 2.5 என்பது 2.5 மைக்ரானுக்கும் சிறியது, முடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்கு. பெரிய தூசை மூக்கு பிடித்துவிடும், இருமல் வெளியே தள்ளிவிடும். இது நேரே நுரையீரலின் கடைசி அறை வரைக்கும் போகும். இன்னும் பொடியானது ரத்தத்திலேயே கலக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2021ல் வெளியிட்ட அளவுப்படி, ஒரு கன மீட்டர் காற்றில் இந்தத் தூசு வருஷ சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, ஒரு நாளைக்கு 15. நம் நாட்டு அளவு 2009ல் வகுத்தது, வருஷத்துக்கு 40, நாளைக்கு 60. தில்லியில் மோசமான நவம்பர் நாட்களில் இது 300ஐயும் தாண்டிப் போவதுண்டு. இத்தனை எண்களையும் சாமானியர் நினைவில் வைக்க முடியாது என்றுதான் 2015ல் காற்றுத் தரக் குறியீடு என்ற ஒரே எண்ணாக்கித் தந்தார்கள். 50 வரை நல்லது, 200க்கு மேல் மோசம், 300க்கு மேல் மிக மோசம், 400க்கு மேல் கடுமை. தூரதர்ஷனிலும் பத்திரிகையிலும் வரும் எண் இதுதான்.

அதில் பெரியவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாலை 4 மணிக்கு வெளியிடும் எண், முந்தைய 24 மணி நேரத்தின் சராசரி. விடியற்காலை உச்சமும் பிற்பகல் இறக்கமும் கலந்த ஒரு எண் அது. "நேற்று 280தான், பரவாயில்லை" என்று காலை ஐந்து மணிக்குச் செருப்பை மாட்டிக்கொள்பவருக்கு அந்த நேரத்துக் காற்று என்ன என்பதை அது சொல்லாது. சராசரி ஆழம் மூன்றடி என்று கேட்டு ஆற்றில் இறங்குவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. இன்னொன்று, இந்தியக் குறியீடு 500க்கு மேல் போகாது. வெளிநாட்டுக் கம்பெனிகளின் செயலிகள் வேறு கணக்கில் போடுவதால் ஒரே நேரத்துக்கு அங்கே வேறு எண் வரும். பேரன் செல்போனில் ஒரு எண், டி.வி.யில் ஒரு எண் என்று குழம்ப வேண்டாம். ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அதில் மணிக்கு மணி ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தால் போதும்.

சரி, எல்லோரும் சுவாசிப்பது ஒரே காற்றுதானே, வயதானவர்களுக்கு மட்டும் என்ன தனிக் கவலை? முப்பது வயதைத் தாண்டிய பிறகு நுரையீரலின் திறன் வருஷத்துக்கு ஒரு சிறு கரண்டி அளவு, ஏறக்குறைய 25 முதல் 30 மில்லிலிட்டர், குறைந்துகொண்டே வருகிறது. நோயில்லாதவருக்கும் இது உண்டு. எழுபது வயதில் இந்தக் கழிவு ஒரு லிட்டரை நெருங்கிவிடும். மூச்சுக்குழாயின் உட்சுவரில் துடைப்பம்போல் அழுக்கை மேலே தள்ளும் மெல்லிய மயிர்கள் உண்டு, அவற்றின் வேகம் தளர்கிறது. இருமும் வலு குறைகிறது. ஆகவே இருபது வயதுக்காரர் உள்ளே வாங்கி வெளியே தள்ளிவிடும் தூசு எழுபது வயதுக்காரருக்கு உள்ளேயே தங்குகிறது.

பலரும் அறியாத செய்தி இன்னொன்று. வெளிக்காற்று மாசினால் நேரும் அகால மரணங்களில் நுரையீரல் நோயைவிட மாரடைப்பும் பக்கவாதமுமே அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் வருஷக் கணக்குப்படி 68 சதவீதம் இவை இரண்டும்தான். தூசு ரத்தக் குழாய்களில் அழற்சியை உண்டாக்கி ரத்தம் உறைவதைத் தூண்டுகிறது. ஏற்கெனவே அடைப்பும் ரத்த அழுத்தமும் உள்ள வயதில், அதுவும் குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும் பருவத்தில், இது கூடுதல் சுமை. மறதி நோய்க்கும் காற்று மாசு ஒரு காரணம் என்று 2020ல் லான்செட் குழு தன் பட்டியலில் சேர்த்துவிட்டது. "அப்பாவுக்கு இருமலே இல்லையே, அதனால் பாதிப்பு இல்லை" என்று நிம்மதி அடைவது சரியல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இருமல் இல்லாமல் வந்த ஒரு சங்கடத்தை எங்கள் வீட்டிலேயே பார்த்தோம். என் மாமனார் காலமான பிறகு மாமியார் கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்களோடு வந்து இருக்கிறார். 2019 நவம்பர் முதல் வாரம், தில்லியில் சுகாதார அவசர நிலை என்றே அறிவித்துப் பள்ளிகளை மூடியிருந்த சமயம். அவருக்கு வயது அப்போது 78. இரண்டு நாளாகச் சாப்பாட்டில் நாட்டமில்லை, உட்கார்ந்தபடியே தூங்குகிறார். கேட்டால், "எனக்கு ஒண்ணும் இல்லை மாப்பிள்ளே, குளிருக்குக் கொஞ்சம் அசதி" என்றார். மூன்றாம் நாள் காலை என் மனைவியைத் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உடனே ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அவசரப் பிரிவில் முதலில் பார்த்தவர், வயதானால் இப்படித்தான், வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்றார். என் மனைவி நகர மறுத்துவிட்டாள். அரை மணி கழித்து வேறொரு டாக்டர் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தபோது ரத்தத்தில் பிராணவாயு 84 சதவீதம். அதன்பின் ஓட்டம்தான், ஆக்சிஜன், நெபுலைசர், ஐந்து நாள் படுக்கை.

நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் என்றார்கள். மறுநாள் வந்த பெரிய டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இவர் பீடி பிடிப்பாரா?" மாமியாருக்கு ஹிந்தி தெரியாது என்றாலும் பீடி என்ற வார்த்தை புரிந்துவிட்டது. மூக்கில் குழாய் இருந்தபடியே அவர் பார்த்த பார்வையை என்னால் விவரிக்க முடியாது. பிறகு டாக்டரே விளக்கினார். பதினாறு வயதில் புக்ககம் வந்ததிலிருந்து ஏறக்குறைய நாற்பது வருஷம் விறகு அடுப்பும் வரட்டியும், புகைபோக்கி இல்லாத சமையலறையும். நம் நாட்டில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடாத லட்சக்கணக்கான பெண்களுக்கு இந்த நோய் வருவது அப்படித்தான். அடுப்படியில் பாதி தேய்ந்த நுரையீரலோடு அவர்கள் பிள்ளைகளின் வீட்டுக்கு, இந்த நகரத்துக்கு வந்து சேருகிறார்கள். நம்மில் பலருடைய அம்மாக்களின் கதை இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொன்னேன். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் கருவி பல வீடுகளில் அலமாரியில் கிடக்கிறது. பேட்டரி மாற்றி அதை வெளியே எடுத்து வையுங்கள். பெரியவர் காரணமில்லாமல் மந்தமாக இருந்தால், பேச்சு குழறினால், அதில் ஒருமுறை பாருங்கள். 92க்குக் கீழே போனால் தாமதம் வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

வீட்டுக்குள் இருந்தால் தப்பித்தோம் என்பதும் பாதி உண்மைதான். வெளிக்காற்று ஜன்னல் இடுக்கு வழியே வந்துகொண்டேதான் இருக்கும். அதோடு நாம் சேர்ப்பது வேறு. ஒரு கொசுவத்திச் சுருள் முழுதும் எரிந்தால் அது விடும் நுண்தூசு 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. ஊதுவத்தி, சாம்பிராணி, கற்பூரம் எல்லாமே புகைதான். பூஜையை நிறுத்தச் சொல்ல நான் யார்? நவம்பரிலிருந்து ஜனவரி வரை சுவாமிக்கு நெய் விளக்கு ஒன்று போதும் என்று எங்கள் வீட்டில் மாமியாரே முடிவு செய்துவிட்டார், அதனால் எனக்கு வாக்குவாதம் மிச்சம். கரி அடுப்பை மூடிய அறையில் வைத்துக் குளிர்காயும் வட இந்தியப் பழக்கத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பின்பற்றாதீர்கள். அதில் வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் இச்செய்தி பத்திரிகையில் வருகிறது.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வசதி இருந்தால் வாங்கலாம். வீடு முழுவதற்கும் அல்ல, பெரியவர் படுக்கும் ஓர் அறைக்கு. 'ஹெபா' வடிகட்டி உள்ளதா என்று பார்த்து, அறையின் அளவுக்கு ஏற்றதாக வாங்கி, காலத்தில் வடிகட்டியை மாற்ற வேண்டும். மாற்றாத வடிகட்டி வெறும் மின்விசிறி. முகமூடி என்றால் என்-95தான். கைக்குட்டையும் மப்ளரும் குளிருக்கு, தூசுக்கு அல்ல. மூச்சு நோய் உள்ளவர்கள் அதைப் போட்டுக்கொண்டு வேகமாக நடக்கக் கூடாது, டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. இன்ஃபுளுயன்சா, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று பயந்து நடுவில் நிறுத்துவது நம்மவர்களிடம் உள்ள பெரிய வியாதி. நடக்கத்தான் வேண்டும், ஆனால் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் நாலு மணிக்குள், வெயில் தரையைச் சூடாக்கி அந்த மூடி தூக்கப்பட்டிருக்கும் நேரத்தில் நடக்கலாம். ஜன்னலைத் திறந்து வைக்கவும் அதுதான் நேரம். எங்கள் பகுதி பஜனைக் குழுவில் இதைச் சொன்னபோது, "திருப்பள்ளியெழுச்சியை மத்தியானம் பாடுவதா?" என்று ஒரு மாமா சீறினார். பேசிப் பேசி, எழுபது கடந்தவர்கள் வீதிக்கு வராமல் மண்டபத்துக்குள் உட்கார்ந்து பாடுவது, வீதி பஜனை ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் வெயில் வந்தபின் என்று சமரசம் ஆயிற்று. அந்த மாமா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

தீபாவளியிலும் இதே நேரச் சிக்கல் நமக்கு உண்டு. வடக்கே ராத்திரிப் பண்டிகை, நமக்கு விடியற்காலை கங்கா ஸ்நானமும் வெடியும். 2018ல் உச்ச நீதிமன்றம் இரவு எட்டிலிருந்து பத்து வரை என்று நேரம் வகுத்தபோது, தமிழ்நாட்டு வழக்கம் வேறு என்று அரசு முறையிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் வேறு வேளை வைத்துக்கொள்ளலாம் என்று மாற்றம் பெற்றது. தில்லியில் இருக்கும் நாம், இரவு முழுவதும் அடுத்த வீட்டார் வெடித்த புகை தரையோடு படிந்திருக்கும் நாலு மணிக்கு நம்முடையதையும் சேர்க்கிறோம். எண்ணெய் ஸ்நானமும் லேகியமும் போதாதா என்பது என் கட்சி. பேரன்கள் எதிர்க்கட்சி.

இனி வேறொரு நவம்பர்ப் பிரச்சினை. நம் சங்கத்தில் ஓய்வூதியம் வாங்குபவர்கள் ஏராளம். மத்திய அரசு ஓய்வூதியர்கள் தாம் உயிரோடு இருப்பதற்கான ஆயுள் சான்றிதழை ஒவ்வொரு வருஷமும் நவம்பர் மாதம் தர வேண்டும். எந்த மாதம் தில்லிக் காற்று அடிமட்டத்துக்குப் போகிறதோ, அதே மாதத்தில், எழுபதும் எழுபத்தைந்தும் ஆனவர்கள் பஸ் ஏறி பாங்கு வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். உயிரோடு இருப்பதை நிரூபிக்கத் தேர்ந்தெடுத்த மாதத்தைப் பாருங்கள்! விதியை வகுத்தவர்கள் காற்றை நினைத்திருக்க மாட்டார்கள். 2019ல் ஒரு நல்ல காரியம் செய்தார்கள், 80 வயது கடந்தவர்கள் அக்டோபர் 1ஆம் தேதியிலிருந்தே தரலாம் என்று. அந்தச் சலுகையை 60க்கே இறக்கினால் என்ன? அல்லது வட மாநிலங்களுக்கு மட்டும் மார்ச் மாதம் என்று வைத்தால் என்ன? கணக்கு இலாகாவுக்கு அதனால் ஒரு பைசா நஷ்டமில்லை. ஓய்வூதியர் சங்கக் கூட்டங்களில் பஞ்சப்படியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம், இதையும் ஒரு தீர்மானமாகப் போடலாம்.

அதுவரைக்கும் வழி இல்லாமலில்லை. 'ஜீவன் பிரமாண்' என்ற மின்னணுச் சான்றிதழ் 2014லேயே வந்துவிட்டது. கைரேகை தேய்ந்த பெரியவர்களுக்கு அது முதலில் தொல்லையாக இருந்தது. தண்டவாளத்தில் உழைத்தவர்களின் விரலில் ரேகை எங்கே இருக்கும்? 2021 நவம்பரில் முகத்தைப் படம் பிடித்தே அடையாளம் காணும் முறை வந்தது. செல்போன் ஒன்று, வெளிச்சமான இடம் ஒன்று, ஆதார் எண், ஐந்து நிமிஷம். தபால்காரரை வீட்டுக்கே வரவழைத்து, சிறு கட்டணம் கொடுத்துச் செய்துகொள்ளும் வசதியும் 2020லிருந்து உண்டு.

இவையெல்லாம் தனி மனிதர் தன்னைக் காத்துக்கொள்வது. காற்றையே சரிசெய்வது வேறு காரியம். அது முடியாது என்று கையை விரிப்பவர்களுக்கு இரண்டு உதாரணம் சொல்வேன். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை ஐந்தே நாள் லண்டனில் நிலக்கரிப் புகையும் பனியும் கலந்து நின்றது. அதில் இறந்தவர்கள் 4,000 பேர் என்று முதலில் கணக்கிட்டார்கள், பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. பெரும்பாலோர் முதியவர்கள். 1956ல் சட்டம் வந்தது, வீட்டு அடுப்பில் கரி எரிப்பது கட்டுக்குள் வந்தது, அந்தப் புகை ஒழிந்தது. இரண்டாவது உதாரணம் நம் கண் முன்னே நடந்தது. மேத்தா தொடர்ந்த வழக்கில் 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தில்லி பஸ்கள் அனைத்தும் சி.என்.ஜி.க்கு மாற வேண்டும் என்றது. நடக்காத காரியம் என்றார்கள். பஸ் நிலையத்தில் கூட்டம், காஸ் பங்க்கில் மைல் கணக்கில் ஆட்டோ வரிசை, கலாட்டா, எல்லாம் நடந்தது. 2002 முடிவதற்குள் நகரின் டீசல் பஸ்கள் போய்விட்டன. அதே டிசம்பரில் ஷாதராவிலிருந்து தீஸ் ஹஜாரிக்கு முதல் மெட்ரோ ஓடியது. ஐ.டி.ஓ. பக்கம் பஸ்ஸுக்கு நின்றால் சட்டைக் காலர் கறுத்துப்போன காலத்தை அறிந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

பிறகு அந்த லாபத்தை வண்டிகளின் பெருக்கம் தின்றுவிட்டது. 2017 டிசம்பரில் கோட்லா மைதானத்தில் இலங்கைக் கிரிக்கெட் வீரர்கள் முகமூடி அணிந்து பந்து பொறுக்கியதை உலகமே பார்த்தது. பஞ்சாப் விவசாயி வைக்கோல் கொளுத்துவதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒரு கூச்சல் வருஷாவருஷம் எழுகிறது. நிலத்தடி நீரைக் காக்க 2009ல் கொண்டுவந்த சட்டத்தால் அங்கே நெல் நடவு தள்ளிப்போய், அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே அவருக்குக் கிடைப்பது சில வாரம்தான். அந்தப் புகையும் அக்டோபர், நவம்பரில் சில வாரங்களோடு சரி. டிசம்பர் ஜனவரியில் நாம் சுவாசிப்பது நம்முடைய வண்டி, நம்முடைய குப்பை, நம்முடைய கட்டுமானத் தூசு, சுற்றுவட்டாரத்து அனல் மின் நிலையங்களின் கந்தகம். அந்த மின் நிலையங்களுக்கு 2015ல் போட்ட விதி தவணை தவணையாகத் தள்ளிப்போடப்பட்டு, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தகம் நீக்கும் கருவி தேவையில்லை என்றே ஆயிற்று. வெளியே வரும் கந்தக வாயு காற்றிலேயே நுண்தூசாக மாறுகிறது என்பது தெரிந்தும் இப்படிச் செய்தது எனக்கு ஒப்புதல் இல்லை.

என் மாமியார் விஷயத்தில் நாங்கள் செய்துகொண்ட ஏற்பாட்டைப் பலர் கேட்டதால் சொல்கிறேன். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடுகிறோம். திருச்சியில் மைத்துனர் வீட்டில் நாலு மாதம், ஹோலி கழிந்து இங்கே. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, ஆகஸ்டிலிருந்தே காலண்டரில் குறித்து வைத்துக்கொள்கிறேன். மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நின்றதால் டிக்கெட் செலவும் கூடிவிட்டது. அவருக்கு இதில் பூரண திருப்தி என்று சொல்ல முடியாது. "பண்டிகை நாளில் பேத்தியை விட்டுட்டு என்னைத் துரத்தறீங்க" என்று ஒவ்வொரு வருஷமும் பிளாட்பாரத்தில் கண் கலங்குகிறார். ஆனால் 2019க்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை.

தெற்கே அப்படி ஒரு வீடு இல்லாதவர்கள் நம்மிடையே நிறைய. சொந்த ஊர் நிலத்தை விற்று இங்கே பிளாட் வாங்கியவர்கள், ஒரே பிள்ளையோடு வந்துவிட்டவர்கள், பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கத் தம்பதியாகத் தனித்திருப்பவர்கள். என் கேங்கில் பனிமூட்டத்துக்குக் காவல் இருந்த பீகார்க்காரர் ஒருவர் ஷகூர்பஸ்தி லைன் ஓரத்தில் ஒற்றை அறையில் இருக்கிறார். ஊருக்குப் போனால் அங்கேயும் இதே கங்கைச் சமவெளிக் காற்றுதான். போன நவம்பரில் அவருடைய ஆயுள் சான்றிதழை என் செல்போனிலேயே முகம் காட்டி எடுத்துக் கொடுத்தேன். மூன்று முறை இருமல் வந்து முகம் அசைந்துவிட்டது, நாலாவது தடவை பதிவாயிற்று.

அதைப் பார்த்துத்தான் நம் சங்க இளைஞர்கள் நாலு பேர், வீடு வீடாகப் போய் இதைச் செய்து தர முன்வந்திருக்கிறார்கள். 80 கடந்தவர்களுக்கு அக்டோபர் முதல் வாரத்திலேயே முடித்துவிடலாம், மற்றவர்களுக்கு நவம்பர் முதல் நாளிலிருந்து. தேவைப்படுபவர்கள் செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் சங்க அலுவலகத்தில் பெயரும் வீட்டு எண்ணும் கொடுத்துவிடுங்கள். ஆதார் அட்டை, ஓய்வூதியப் புத்தகம், பாங்கு கணக்கு எண், மூன்றையும் எடுத்து வைத்திருந்தால் போதும். காபி தந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.